அம்மோனியாவை மூடாதீர்கள்

நெய்வேலி டவுன்ஷிப்

அன்புள்ள உங்களுக்கு,

அப்பா தேறிவிட்டார். நேற்று குவார்ட்டர்ஸ் வாசலில் என்னோடு கேரம் ஆடினார். பலகையில் தூவும் பவுடர் போரிக் அமிலம்தான் என்றேன்.

"இதையாம்மா நீயும் மாப்பிள்ளையும் லேப்ல காய்ச்சிக்கினு இருக்கீங்க?"

"யூரியாவும் சேர்ப்போம்பா."

"மாப்பிள்ளை எப்ப வர்றாரு?"

நான் ஸ்ட்ரைக்கரைத் தட்டினேன்.

எப்போது திரும்புவாய் என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு முன் உலை விஷயம். நாம் காய்ச்சும் போரான் நைட்ரைடு வெள்ளையாகத்தான் வரவேண்டும். போன முறை சாம்பல் நிறத்தில் வந்ததற்கு என் கலவைதான் காரணம் என்று எல்லார் முன்னாலும் சொன்னீர்கள். கலவை சரியாகவே இருந்தது. விருந்துக்கு நேரமாகிறதென்று அம்மோனியா வாயுவை நீங்கள் பாதியில் மூடினீர்கள். அது வெளியேற்றியிருக்க வேண்டிய யூரியாவின் கரி உள்ளேயே தங்கிவிட்டது. அன்று நான் வாய் திறக்கவில்லை.

இனிமேல் உலை ஆறும்வரை அம்மோனியா ஓடட்டும். பிறகு வெந்நீரில் கழுவுங்கள். நைட்ரஜனோடு சேராமல் மிஞ்சிய போரான் ஆக்சைடு கரைந்து போய்விடும். நமக்கு வேண்டிய நானோ தாள்கள் வெள்ளைத் தூளாக மிஞ்சும்.

அப்பாவின் சுரங்கத்தில் ரிலீவர் வந்து பொறுப்பேற்கும்வரை, ஷிப்டு முடிந்தாலும் யாரும் இடத்தை விட்டு நகரமாட்டார்கள். அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதனால்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

என் லேப் கோட்டைப் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குக் கொடுத்துவிடுங்கள். அதன் பையின் மேல் என் பெயரோடு உங்கள் பெயரையும் சேர்த்துத் தைத்திருந்தேன். தையலைப் பிரித்துவிட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
அப்பாவின் மகள்