கிணற்றைச் சுற்றிப் பத்துச் சுற்று

திருகோணமலை
4.5.1986

அன்புள்ள அம்மா,

நான் சுகம். உங்கட முழங்கால் நோ எப்படி?

செவ்வாய்க்கிழமை துறைமுகப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டு எல்லாரும் மாதா கோயிலுக்கு ஓடினம். நான் இருக்கிற வீட்டுக்கார இன்பமலர் மாமி நடக்கிறதை விட்டுக் கனகாலம். எழும்ப ஏலாமல் குசினிக் கதிரையிலேயே இருந்திட்டா. ஒண்டும் நடக்கேல்லை. நாங்கள் திரும்பி வர, ஆறின தேத்தண்ணியோட சிரிச்சா.

நீங்கள் நோகுதெண்டு இருந்திடாதேங்கோ. காலமையில கிணற்றைச் சுற்றி நடவுங்கோ. முதல் ரெண்டு சுற்று, பிறகு பத்து. எத்தனை சுற்றெண்டு கடிதத்தில எழுதுங்கோ. எனக்கு இங்க வாசிக்க வேற ஒண்டும் இல்லை.

போனமுறை ஊரில வெடிச்சத்தம் கேட்டநேரம் உங்களைச் சைக்கிளில ஏத்திக்கொண்டு ஓட நான் இருந்தனான். இனி ஆரும் தூக்குவினம் எண்டு பார்த்திருக்காதேங்கோ.

ஊரடங்குக்கு முன்னம் இதைத் தபாலில போடவேணும். அம்மா, அண்டைக்கு மாமிக்குப் பக்கத்தில நிண்டது நான்தான். அவ கையை நீட்டினவ. பார்த்திட்டுத்தான் ஓடினனான்.

உங்கட மகன்,
சோமசேகரம்