தேய்க்காத காசு

அன்புள்ள ஆர்ச்சி,

நீ யார்க் நாணயக் கண்காட்சியில் இருந்த நேரத்தில் வீட்டைச் சுத்தம் செய்துவிட்டேன். உன் அலமாரியையும்தான்.

அந்தக் காலத்துக் காதலர்கள் ஒரு பக்கத்தை இழைத்து, காதலியின் பெயர் பொறித்த நூற்றுப்பத்து பழைய வெள்ளிக்காசுகள். "தொட்டே, தொலைச்சிடுவேன்! அந்தக் கறுப்புதான்டி அதோட உயிரு. தேய்ச்சுட்டா ஒருத்தனும் சீண்டமாட்டான்" என்று என்னை விரட்டுவாயே, அவைதான். எல்லாவற்றையும் பாலிஷ் போட்டுத் தேய்த்துவிட்டேன். புதுக் கரண்டி மாதிரி பளபளக்கின்றன.

சனிக்கிழமை கடைத்தெருவில் காசு வியாபாரி பெட்டிஃபர் ஒரு ஷில்லிங் காசை நீட்டினார். "காசுதான் பழசு, மேடம். பொறிச்சது போன ஈஸ்டர்லதான், தேதியே இருக்கு. நம்ம ஆர்ச்சி கைவேலை மாதிரி இல்ல?" என்றார். ஈனிட் என்று ஒரு பெண்ணின் பெயர், அதைச் சுற்றி இலைக்கொடி. கல்யாணத்துக்கு முன் நீ எனக்குப் பொறித்துத் தந்த காசிலும் அதே கொடி, அதே இடத்தில் கோணிய இலை. இத்தனை வருடத்தில் உனக்கு இலை மட்டும் வரவே இல்லை.

போன ஈஸ்டருக்கும் நீ யார்க்கில்தான் இருந்தாய்.

அந்த ஷில்லிங்கை வாங்கி வந்து உன் அலமாரியில் வைத்திருக்கிறேன். அதை மட்டும் தேய்க்கவில்லை. அது பெட்டிஃபரிடம் எப்படிப் போனது என்று கேட்பாய். ஈனிட்டே கொண்டுவந்து விற்றாளாம். "யாரோ ஒரு கிழவன் குடுத்ததுங்க, வர்றதைக் குடுங்க" என்றாளாம்.

இப்படிக்கு,
உன் காசைப் பத்தொன்பது வருடம் கழுத்தில் போட்டிருந்தவள்