மேடையில் மட்டும் அழைத்த அக்கா

ஆண்டு விழாவுக்காக இன்று காலை பழைய நாடகப் பெட்டியைத் திறந்தார்கள். தாடி ஒட்டும் பசையின் நெடி மூக்கில் ஏறியதும் உங்கள் முகம் நினைவுக்கு வந்தது. ஏக்கம் வரவில்லை. பெட்டியின் மூடியைச் சாத்தினேன்.

நீங்கள் எங்கள் பனியன் கம்பெனியின் மேனேஜர், முதலாளியின் மருமகன். நாடகத்திலோ மாறுவேடத்தில் ஊர் திரும்பும் இளவரசன். ஆள் தெரியாமல் அவனுக்குச் சோறு போடும் அக்கா, ஆபீஸில் கணக்கெழுதும் நான். கடைசியில் தாடியைப் பிய்த்தெறிந்து, "அக்கா, நான்தான் உன் தம்பி" என்று என் காலில் விழுவீர்கள். ஒத்திகையில்கூட உங்களுக்கு நிஜக் கண்ணீர் வரும்.

ஓர் ஆண்டு, தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த அம்மாள் ஒருவர் நாடகம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்தார். உங்கள் கன்னத்தைத் தொட்டு, "நல்லா நடிச்ச கண்ணு" என்றார். பக்கத்தில் உங்கள் மாமனார்.

"செக்கிங்ல இருக்கறாங்க மாமா. எல்லாரையும் கண்ணும்பாங்க" என்று சிரித்தீர்கள்.

அந்த அம்மாள் கையை எடுத்துக்கொண்டு, "ஆமாங்க சார்" என்றார். போகும்போது இரண்டு முறை திரும்பி உங்களைப் பார்த்தார்.

துருவித் துருவிக் கேட்டபிறகுதான் சொன்னார். அவிநாசிபாளையத்தில் பனியன் பீஸ் மடித்துக் கூலி வாங்கி உங்களைப் படிக்கவைத்த, கூடப் பிறந்த அக்கா. தினமும் தூரத்திலிருந்தாவது பார்க்கலாம் என்றே வேலைக்குச் சேர்ந்தாராம்.

உங்களிடமே கேட்டேன். நீங்கள் தடுமாறவில்லை. "எனக்கு அக்கா யாரும் இல்லீங்க மேடம். அவங்க கொஞ்ச நாள் சோறு போட்டாங்க, அவ்வளவுதான்."

அதை நீங்களே நம்பிவிட்டிருந்தீர்கள். பயந்து மறைத்திருந்தால் இரக்கப்பட்டிருப்பேன். அடுத்த ஆண்டும் அதே வசனம், அதே கண்ணீர். உங்கள் நெற்றி என் பாதத்தில் பட்டபோது காலை உதறத் தோன்றியது.

மாரடைப்பில் நீங்கள் போன அன்று உங்கள் அக்கா தொழிலாளர் வரிசையில் நின்றார். முன்னால் வாருங்கள், எல்லோரிடமும் நான் சொல்கிறேன் என்று கையைப் பிடித்தேன். மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"வேண்டாங்கம்மா. இல்லைன்னு சொல்லிட்டுப் போயிட்டான். இப்ப நான் போய் நின்னா அவன் பொய்யனாயிருவான்."

அந்த மனசுக்கு நீங்கள் எள்ளளவும் தகுதியில்லாதவர். ஆனால் நானும் வற்புறுத்தவில்லை. முதலாளி வீட்டுச் சாவில் வாய் திறக்க எனக்குத் துணிவில்லை. அவர் வேண்டாமென்றது வசதியாகப் போயிற்று.

இன்றும் யாராவது அந்தக் கடைசிக் காட்சியைப் புகழ்ந்தால், "ஆமாங்க, அருமையா நடிப்பாரு" என்கிறேன். உங்கள் அக்கா எதிரில் நிற்கும்போதும் அதையேதான் சொல்கிறேன்.