டீக்கடையில் கூப்பிட்டது

மார்ச் 6, வியாழன்

இன்று காலை கும்மிடிப்பூண்டியில், கம்பெனி வாசல் டீக்கடையில் முருகேசன் அண்ணனைப் பார்த்தேன். வாராவாரம் அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசுவது என் வேலை. கூட வேலை செய்கிறவர்களோடு நின்றிருந்தவர், என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெளியிடத்தில் நாம் போய்ப் பார்க்கிறவர்கள் தாங்களாகப் பேசாமல் நாம் பேசக் கூடாது என்று பயிற்சியின் முதல் நாளே சொல்லியிருந்தார்கள். நான் மறக்கவில்லை. ஆனாலும் சுருக்கென்றது. இவ்வளவு பழகிவிட்டு யாரோ மாதிரி நிற்கிறாரே என்று, "அண்ணா!" எனக் கூப்பிட்டுவிட்டேன்.

பக்கத்தில் நின்றவன் என் கழுத்தில் தொங்கிய ஐடி கார்டைப் படித்தான். "மனநலச் சேவை." பிறகு சிரித்தான். "இன்னா முருகேசா, மென்டல் கேஸா நீ? சொல்லவே இல்ல?"

படிப்பு முடித்து, மேற்படிப்பில் சேரும் முன் ஒரு வருடம் சம்பளத்தோடு சேவை என்று வந்தவள் நான். ஜூனில் போய்விடுவேன். அவர் அந்த வாசலுக்குத்தான் தினமும் போயாக வேண்டும்.

சாயங்காலம் அவர் மனைவி போன் செய்தார்.

"மிஷினாண்ட வராதன்னு சொல்லி, தொடப்பத்தக் கையில குடுத்துட்டாங்களாம்மா. இவரு வாய வெச்சுக்கினு சும்மா இருக்காம, வைத்தியம் பாக்குறத தானே எல்லார்கிட்டயும் சொல்லிட்டாராம். நாளைக்கு ஊட்டுக்கு வந்து நீயே கண்டிச்சு ரெண்டு வார்த்த சொல்லு. நீ சொன்னாதான் கேப்பாரு."

அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

நான் "சரிக்கா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.