அந்தப் புள்ளியைத் தொடாதீர்கள்

மார்ச் 6

அன்பு மகளுக்கு,

போனில் பேசினால் உடனே சண்டை வந்துவிடுகிறது, அதனால் எழுதுகிறேன். நீ கடிதத்தோடு வைத்து அனுப்பிய விண்மீன் மண்டலப் படம் வந்தது. நடுவில் ஒரு பட்டை, அதன் இரு நுனியிலிருந்தும் சுருண்டு போகும் கைகள். அழகுதான், ஒத்துக்கொள்கிறேன். தெற்கு வானத்தில் இருக்கிறது என்பதற்காக நீயும் அத்தனை தூரம் போய் உட்கார வேண்டுமா என்று கேட்கக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. கேட்கவில்லை.

பெரிதாக அச்சுப் போட்டு ஸ்டூடியோ வாசலில் மாட்டிவிட்டேன். கீழ்க் கையில் தூசிப் புள்ளி ஒன்று விழுந்திருந்தது. சுத்தமாக எடுத்துவிட்டேன். அவ்வளவு பெரிய தொலைநோக்கி வைத்திருக்கிறீர்கள், துடைக்க ஆள் இல்லையா?

அப்பா

மார்ச் 19

அப்பாவுக்கு,

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. அது தூசி இல்லை, வெடித்த நட்சத்திரம். முதலில் பார்த்தது நான்! கடிதத்தில் அதைத்தான் எழுதியிருந்தேன். நீங்கள் படித்தால்தானே? படத்தைப் பார்த்ததும் கை பரபரத்திருக்கும். கல்யாணப் பெண்ணின் மரு, மாப்பிள்ளையின் தழும்பு, எதைத்தான் விட்டுவைத்தீர்கள்? பாஸ்போர்ட் படத்தில் என் கன்னத்து மச்சத்தைத் துடைத்து, விமான நிலையத்தில் என்னைத் தனி அறையில் உட்கார வைத்தது போதாதா?

அந்த மண்டலத்தை எத்தனையோ பேர் படம் எடுத்திருக்கிறார்கள். அதில் என்னுடையது அந்தப் புள்ளி ஒன்றுதான். ஏன் இங்கே கிடக்கிறேன் என்பதற்கு நான் வைத்திருந்த பதிலும் அதுதான். அழுகையாக வருகிறது, அப்பா. படத்தைக் கழற்றிவிடுங்கள். இனி எதுவும் அனுப்பமாட்டேன்.

மகள்

ஏப்ரல் 2

அன்பு மகளுக்கு,

கழற்றிவிட்டேன். உன் பழைய கடிதத்தை அம்மா உரக்கப் படித்தாள், வரிக்கு வரி என்னை முறைத்துக்கொண்டே.

புள்ளியோடு வேறு அச்சுப் போட்டு மாட்டினேன். அன்றிலிருந்து நிம்மதி போயிற்று. வருகிறவன் போகிறவனெல்லாம், "என்னண்ணே, தூசி விழுந்திருக்கு, பாக்கலையா?" என்கிறான். ஒவ்வொருவனுக்கும் பாடம் நடத்தி வாய் வலிக்கிறது. நேற்று ஆல்பம் வாங்க வந்த அம்மாள் விரலில் எச்சிலைத் தொட்டுத் துடைக்கவே போய்விட்டாள். "தொடாதீங்கம்மா! அது என் பொண்ணு..." என்று கத்திவிட்டேன். கண்டுபிடித்தது என்று முடிப்பதற்குள் அவள் விரலை இழுத்துக்கொண்டாள். கடையே என்னைத் திரும்பிப் பார்த்தது.

பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது படம் எடுக்க இங்கேயே வா. மச்சத்தில் கை வைக்கமாட்டேன்.

அப்பா