எந்தத் துளையில் எத்தனை வோல்ட்

ஆம்பூர்,
நவம்பர் 25

அஃப்ஷாவுக்கு,

கவிப்ரியா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். நீயும் வக்கார் அண்ணனும் கான்பூரில் நல்லபடியாக வீடு சேர்ந்துவிட்டீர்கள் என்று உன் அம்மி சொல்லித் தெரிந்துகொண்டேன். பேரணாம்பட்டில் உன் அம்மா வீட்டுக்குப் போய் அவரிடம்தான் இந்த விலாசத்தை வாங்கினேன். நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. "போன எடுக்க மாட்டா. லெட்டர்னா கிழிச்சா போடப் போறா, எழுதும்மா" என்றார். அதனால் எழுதுகிறேன்.

நடந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் என் பக்கத்திலிருந்து வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். எங்கே பிசகியது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

அந்தத் திங்கட்கிழமை, தோல் வெட்டுவதற்கு நாம் வரைகிற பூட்ஸ் பேட்டர்னில் முப்பத்தொன்பதாம் சைஸை முடித்து நாற்பதைத் தொட்டபோது கம்ப்யூட்டர் அணைந்தது. மறுபடி எழவில்லை. மின்சாரம் கொடுக்கிற பெட்டி, எஸ்.எம்.பி.எஸ்., போய்விட்டது என்று நீதான் கண்டுபிடித்தாய். நான் ஸ்கூட்டரில் பஜாருக்குப் போய் வேறு கம்பெனிப் பெட்டி ஒன்றைப் பழையதாக வாங்கி வந்தேன். இரண்டுமே ஒயர்களைத் தனியாகக் கழற்றி மாட்டுகிற வகை. ஹார்ட் டிஸ்க்குக்குப் போகிற பழைய ஒயர் கம்ப்யூட்டர் கேபினட்டுக்குள் ஏற்கெனவே கட்டி ஒதுக்கியிருந்தது. அதைப் பிரிக்காமல், அதன் மறுமுனையை மட்டும் நான் வாங்கி வந்த பெட்டியில் செருகினாய். டக்கென்று உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டதும் அந்த நாற்றம். ஒரே நொடியில் இரண்டு டிஸ்க்கும் போயின. காப்பி எடுத்து வைத்த டிஸ்க்கையும் அதே கேபினட்டுக்குள்தானே வைத்திருந்தோம். கம்பெனி வேலையை விட்டுவிட்டு இந்த அறையைத் திறந்த ஆறு வருஷத்தில் நாம் இரண்டு பேரும் வரைந்த செருப்பு, ஷூ, பூட்ஸ், எல்லாப் பேட்டர்னும் அதில்தான்.

அப்போது பூட்ஸ் ஆர்டர் கொடுத்த தனகோடி சார் அறையில் உட்கார்ந்திருந்தார். அவர் காதில் விழும்படி, "இவ கை வச்சாலே இப்படித்தான்" என்று நான் சொன்னேன். நீ பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாய். ஒரு வருஷமாகக் கட்டின புருஷன் வக்கார் அண்ணன் கூப்பிட்டும் கான்பூருக்குப் போகாதவள் பன்னிரண்டே நாளில் ரயில் ஏறிவிட்டாய்.

தனகோடி சார் டிசம்பர் இருபது வரைக்கும் நேரம் கொடுத்திருக்கிறார். அதற்குள் பேட்டர்ன் வராவிட்டால் வேலை ராணிப்பேட்டைக்குப் போய்விடும். அது போனால் அறையைக் காலி செய்ய வேண்டியதுதான். போகட்டும் என்று விட எனக்கு மனசில்லை. செத்துப்போன நம் பழைய பெட்டியை மேஜைமேல் எடுத்து வைத்திருக்கிறேன். நாளைக்குத் திறக்கப் போகிறேன்.

இப்படிக்கு,
கவிப்ரியா


ஆம்பூர்,
டிசம்பர் 6

அஃப்ஷா,

முதல் கடிதம் கிடைத்திருக்கும். பதில் வரவில்லை. பரவாயில்லை, நான் எழுதவேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது.

பெட்டியைத் திறந்துவிட்டேன். உள்ளே பஞ்சு மாதிரி தோல் தூசி. தோலை ஓரம் சீவுகிற மிஷினுக்குப் பக்கத்திலேயே கம்ப்யூட்டரை வைத்தோமே, அந்தத் தூசி முழுக்க இங்கேதான் போயிருக்கிறது. அதோடு, தேவைக்கு மேல் நீளமான ஒயர்களைச் சுருட்டி, காற்று போகிற வழியிலேயே திணித்திருந்தோம். காற்றாடி இறுகி நின்றுவிட்டது. சூடு தாங்காமல் இரண்டு கண்டென்சர் உப்பிப்போயிருந்தன. இவ்வளவுதான் வியாதி.

பஜாரில் செல்போன் ரிப்பேர் பார்க்கிற மக்பூல் பாயைத் தெரியும் இல்லையா, அவரிடம் கொண்டு போனேன். "நான் போன் பாக்கறவன், இது எனக்கு வேணாம் தங்கச்சி" என்று கையை எடுத்துக் கும்பிட்டார். கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வாடிக்கையாளர் வந்து போனார்கள். மூன்றாவது ஆள் போனதும் உள்ளே கூப்பிட்டார். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெட்டிக்குள் மின்சாரம் தங்கியிருக்கும், அதை மீட்டர் வைத்துப் பார்த்து இறக்காமல் கை வைத்தால் ஆள் காலி என்று நாலு முறை சொன்னார். பிறகு கண்டென்சர் இரண்டையும் மாற்றினோம். காற்றாடியும் புதிது.

அந்த இரண்டு டிஸ்க்கையும் அவரிடம் காட்டினேன். லென்ஸ் வைத்துப் பார்த்தார். அடியில் இருக்கிற பச்சைப் பலகையில் எள்ளு அளவுக்கு ஒரு கறுப்புத் துண்டு இருக்கிறது. மின்சாரம் ஜாஸ்தியாக வந்தால் அது எரிந்து, மற்றதைக் காப்பாற்றும். நம் டிஸ்க்கில் அது எரிந்திருக்கிறது. அதை எடுத்துவிட்டால் டிஸ்க் உயிரோடு எழுந்தாலும் எழலாம் என்றார். ஆனால் எடுத்துவிட்டால் அப்புறம் காவல் கிடையாது. "அடுத்த வாட்டி தப்பான கரண்ட் போச்சுன்னா அவ்ளோதான். சரியான பெட்டி, சரியான ஒயர் இருந்தா மட்டும் கொண்டா" என்றார்.

புதுப் பெட்டி ஒன்று கடையில் வாங்கி மாட்டிவிடலாமே என்று அப்பா சொன்னார். வாங்கலாம். ஆனால் முதல் முறை எதனால் செத்தது என்றே தெரியாமல் இன்னொரு பெட்டியை நம்பி டிஸ்க்கைக் கொடுக்க எனக்குப் பயம். அதனால் ஒரு மீட்டர் வாங்கி வந்து ஒவ்வொரு துளையாக அளந்தேன். பெரிய பிளக்கில் பதினாறாவது துளையையும் பதினேழாவது துளையையும் ஒரு கம்பித் துண்டால் சேர்த்தால், கம்ப்யூட்டர் இல்லாமலே பெட்டி ஓடும். அப்படி ஓடவிட்டு, எந்தத் துளையில் எத்தனை வோல்ட் என்று நோட்டில் படம் போட்டேன். நம் பழைய பெட்டியை முதலில். அப்புறம் நான் வாங்கி வந்ததை.

இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தபோது விஷயம் புரிந்தது. டிஸ்க் பக்கத்து முனை எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றுதான். பெட்டிப் பக்கத்து முனை அப்படி இல்லை. உருவம் ஒன்றாக இருக்கும், உட்காரும், ஆனால் உள்ளே அவரவர் இஷ்டம். நம் பெட்டியில் ஐந்து வோல்ட் வருகிற துளையில் அந்தப் பெட்டியில் பன்னிரண்டு வருகிறது. அதாவது, ஒரு பெட்டியின் ஒயரை இன்னொரு பெட்டியில் மாட்டவே கூடாது. அந்தந்தப் பெட்டிக்கு அதோடு வந்த ஒயர்தான்.

இப்போது சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். இதற்காகத்தான் இந்தக் கடிதமே.

நான் வாங்கிய பெட்டியோடு ஒயரும் கொடுத்தார்கள். ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிக் கொடுத்தார்கள். நம்முடையது கட்டி ஒதுக்கியது இருக்கிறதே, இது எதற்கு என்று ஸ்கூட்டர் டிக்கியில் போட்டுவிட்டு மேலே வந்தேன். நீ கேட்டாய். "இதுக்கு ஒயர் குடுக்கலையா?" என்று கேட்டாய். நான், "எல்லாம் ஒண்ணுதான், அதையே மாட்டு" என்றேன். நீ மாட்டினாய். அவ்வளவுதான் நீ செய்தது.

அன்றைக்கு நான் அதை மறந்தே போனேன் என்றால் நீ நம்புவாய். மறந்துதான் போனேன். ஆனால் நீ ரயில் ஏறியது சனிக்கிழமை. மழைக் கோட்டைத் தேடி டிக்கியைத் திறந்து அந்தப் பையைப் பார்த்தது அதற்கு முந்தின வியாழக்கிழமை. என்ன நடந்திருக்கும் என்று அப்போதே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. நடுவில் வெள்ளிக்கிழமை முழுதும் இருந்தது. உங்கள் வீட்டுத் தெரு வழியாகவே இரண்டு முறை போனேன். வண்டியை நிறுத்தவில்லை. தனகோடி சார் முன்னால் உன்னைச் சொன்னது என் மேலேயே திரும்பும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

நேற்று அவரிடம் போய், தப்பு என்னுடையது, அஃப்ஷாவுடையது இல்லை என்று சொல்லிவிட்டேன். "எங்கிட்ட எதுக்குமா சொல்ற, அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு" என்றார். இதோ, சொல்லிவிட்டேன்.

மன்னிப்பு என்று எழுதிப் பார்த்தேன். அந்த வார்த்தை போதவில்லை. அடித்துவிட்டேன்.

கவிப்ரியா


ஆம்பூர்,
ஜனவரி 2

என் அன்பு அஃப்ஷாவுக்கு,

புது வருஷத்தன்று பேரணாம்பட்டு போயிருந்தேன். என் இரண்டாவது கடிதம் வந்த நாலாவது நாள் அம்மியிடம் நீயே போன் செய்து, "அந்த டிஸ்க் சுத்துச்சான்னு அவளைக் கேளு" என்றாயாம். அம்மி அதைச் சொன்னபோது என் கையில் சேமியாக் கிண்ணம் இருந்தது. கீழே வைத்துவிட்டேன்.

சுற்றியது. ஒன்று சுற்றியது.

முதலில் ஒயரைச் சொல்கிறேன். நம் பெட்டியின் பழைய டிஸ்க் ஒயர் அன்றைக்கே முனையில் கருகிவிட்டது. அதை நம்பவில்லை. புது ஒயர், பின், பிளக் எல்லாம் போன கடிதத்துக்கு முன்பே சென்னையிலிருந்து வரவழைத்து நானே செய்தேன். கேபினட்டுக்குள் நூலை வைத்து அளந்து, வேண்டிய நீளத்துக்கு மட்டும் வெட்டினேன். பின்னை ஒயர் முனையில் வைத்து நெரிக்கிற கருவியை மக்பூல் பாய் கொடுத்தார். முதல் ஒன்பது பின் பாழ். பத்தாவது, இழுத்தாலும் வரவில்லை. டிஸ்க்குக்குப் போவது, போர்டுக்குப் போவது என்று எல்லா ஒயரையும் அப்படியே செய்து முடிக்க ஐந்து நாள் ஆனது. இப்போது உள்ளே சுருட்டித் திணித்தது ஒன்றுகூட இல்லை. காற்று நேராகப் போகிறது.

ஒவ்வொரு ஒயரின் இரண்டு முனையிலும் ஆட்டுத்தோல் லைனிங்கில் ஒரு பட்டை தைத்திருக்கிறேன். சைஸ் குத்துகிற அச்சால் அதில் நம்பர் குத்தியிருக்கிறேன். பெட்டியிலும் அந்தந்தத் துளைக்கு மேல் அதே நம்பர். இனி யார் கண்ணை மூடிக்கொண்டு மாட்டினாலும் தப்பாது. சீவுகிற மிஷின் பக்கத்திலிருந்து கேபினட்டை எடுத்து, எதிர்ச் சுவரில் பலகை அடித்து மேலே வைத்தாயிற்று.

டிசம்பர் பத்தாம் தேதி, மத்தியானம் பன்னிரண்டு மணி. மக்பூல் பாய் கடையை மூடிவிட்டு அறைக்கு வந்தார். டிஸ்க்கை மாட்டாமல் பெட்டியை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, ஒவ்வொரு முனையிலும் மூன்று முறை அளந்தேன். ஐந்து ஐந்தாகவே நின்றது, பன்னிரண்டு பன்னிரண்டாகவே நின்றது. "போதும் தங்கச்சி, கரண்டே பேஜாராயிடும்" என்றார். அந்த எள்ளுத் துண்டை எடுத்த முதல் டிஸ்க்கை மாட்டினேன். சத்தமே இல்லை. அது நாம் தினமும் வேலை செய்த டிஸ்க். எழவில்லை, இனி எழாது. கழற்றி ஓரமாக வைத்தேன். ஒயர் நம்பரை இன்னொரு முறை பார்த்துவிட்டு இரண்டாவதை மாட்டினேன். சுவிட்சைப் போட்டேன். உள்ளே மெதுவாக ஒரு சுழற்சி. பிறகு திரையில் நம் இரண்டு பேர் பெயரிலும் உள்ள அந்த மஞ்சள் ஃபோல்டர்.

செப்டம்பர் வரைக்கும் எல்லாம் இருக்கிறது. அதன் பிறகு காப்பி எடுக்கவில்லை என்பதால் பூட்ஸ் மட்டும் இல்லை. அடிப்படைப் பேட்டர்ன் இருந்ததால் அதன்மேல் உட்கார்ந்து ஒன்பது நாளில் பூட்ஸைத் திரும்ப வரைந்தேன். பத்தொன்பதாம் தேதி தனகோடி சார் கையில் கொடுத்துவிட்டேன். ராணிப்பேட்டைக்குப் போகவில்லை. மக்பூல் பாய்க்கு என்ன கொடுப்பது என்று கேட்டால், அவர் மகள் இஃப்ராவுக்குப் பள்ளி ஷூ தைத்துக் கொடு என்கிறார். அளவெடுத்திருக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சாம்பிள் தைத்து ஒரு பெண்ணிடம் கொடுத்துப் போட்டு நடக்கச் சொன்னார்கள். கணுக்காலில் இழுக்கிறது. நாலு முறை திருத்தினேன், இழுக்கிறது. அந்த வளைவு எப்போதும் நீ போடுவது. நான் போட்டால் கணக்குச் சரியாக இருக்கும், கால் ஒத்துக்கொள்ளாது. ஜனவரி இருபதுக்குள் சரிசெய்யச் சொல்லியிருக்கிறார்.

இந்தப் பார்சலில் எல்லாப் பேட்டர்னும் போட்ட சின்ன டிஸ்க் ஒன்று இருக்கிறது. அது உன்னுடையது. நீ அங்கே எந்தக் கம்பெனியில் சேர்ந்தாலும் உனக்குப் பயன்படும். என்னைக் கேட்க வேண்டாம். வாசல் போர்டில் உன் பெயரை நான் எடுக்கவில்லை, எடுக்கப் போவதும் இல்லை. நீ திரும்பி வரவேண்டும் என்று இதில் எழுதமாட்டேன். வக்கார் அண்ணனோடு நீ இருக்கவேண்டிய இடம் அதுதான் என்றால் அதுவே சரி.

கணுக்கால் துண்டை மட்டும் காகிதத்தில் அச்செடுத்து மடித்து வைத்திருக்கிறேன். பென்சிலால் கோடு போட்டு அனுப்பினால் போதும். ஒரு வார்த்தையும் எழுத வேண்டாம். திட்ட வேண்டும் போலிருந்தால் ஓரத்தில் இடம் விட்டிருக்கிறேன்.

வக்கார் அண்ணனுக்கு என் வணக்கம் சொல். அங்கே எதிரே வருகிற ஆள் தெரியாத அளவுக்குப் பனி என்கிறார் அம்மி. காதை மூடிக்கொண்டு வெளியே போ. உனக்குக் குளிர் ஆகாது. உன் அல்லாஹ்வும் என் சாமியும் சேர்ந்து உன்னை நல்லபடி வைக்கட்டும்.

பென்சிலை அழுத்திப் போடு அஃப்ஷா. லேசாகப் போட்டால் எனக்குத் தெரியாது.

உன்,
கவி