காற்று நின்ற ஒரு மணி நேரம்

நவ. 11, திங்கள்
விடியலிலிருந்து மழை. ஈரத் தேயிலைக் கொழுந்து. வாட்டும் தொட்டிகள் எல்லாம் நிறைந்துவிட்டன. அடியிலிருந்து விசிறி ஊதணும், மேலே கொழுந்து வாடணும். அதைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. படிவம் மூன்றோடு படிப்பை நிறுத்தினவனுக்கு இதுவே பெரிய உத்தியோகம்.

மகள் தேவி இதே ஃபேக்டரியில் வயர்மேன். பெரிய சுவிட்ச் பெட்டிக்குள் ஓர் இணைப்பு தளர்ந்து கருகுகிறதாம். மெயினை நிறுத்தித்தான் முடுக்குவேன் என்றாள்.

ஃபேக்டரி அதிகாரி சின்ன துரை: "விசிறி நின்னா கொழுந்து சூடாகிக் கெட்டுப் போயிடும்லா. கரண்டோடயே முடுக்கு."

"ஆர்க் பிளாஷ் வரும் துரை. ஸ்பானர் சறுக்கினா மூஞ்சில நெருப்பு வெடிக்கும். அதுக்குன்னு உடுப்புகூட இங்க இல்ல."

"உடுப்பா? நிலாவுக்கா போற?"

கணக்கெழுதும் கிராணி சிரித்தான். நானும் பாதி சிரித்துத் தொலைத்தேன், பழக்கதோஷம். தேவி பார்த்த பார்வை!

வாங்க: மிளகாய், தீப்பெட்டி, மூட்டுவலித் தைலம்.

நவ. 12, செவ்வாய்
மழை. சின்ன துரை கெடு வைத்துவிட்டான். நாளைக் காலை கரண்டோடு முடுக்கணும், இல்லையென்றால் தேவிக்கு வேலை இல்லை.

வீட்டுக்காரி: "மாட்டேன்னு சொல்லிடுடி."

"சொல்லிட்டு? தானா ராத்தா டவுனுக்குப் போய்ச் சாப்பாட்டுக் கடையில கோப்பை கழுவவா? செஞ்சிடறேன்மா."

சொல்லிவிட்டு ஸ்பானரை எடுத்துத் துடைத்தாள், துடைத்ததையே திரும்பத் துடைத்தாள். பார்க்காத மாதிரி சோற்றைப் பிசைந்தேன். சின்ன துரையை மனசுக்குள் தொட்டியில் போட்டு, இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பி வாட்டினேன். ஆத்திரம் ஆறவில்லை.

கொழுந்துதானே அவனுக்குச் சாக்கு? காற்று இல்லாவிட்டாலும் கையால் புரட்டிக்கொண்டே இருந்தால் ஒரு மணி நேரம் சூடேறாது. கொழுந்து பறிக்கும் மேரி அக்காவிடம் ஆள் கேட்கணும்.

நவ. 13, புதன்
பனிமூட்டம். மேரி அக்கா கொழுந்துக்காரப் பெண்களோடு வந்து நின்றாள். "புரட்டத்தானேடா தம்பி? கல்யாணச் சோறு கிண்டுன கை இது."

தேவியிடம் போனேன். "மெயினை இறக்கு."

"என் வேலையில தலையிடாதீங்கப்பா."

"உன் வேலையில இல்ல. கொழுந்து என் வேலை."

முறைத்தாள். இறக்கினாள். பூட்டுப் போட்டுச் சாவியைப் பைக்குள் வைத்தாள். டெஸ்டரால் தொட்டுப் பார்த்து, கரண்ட் இல்லை என்று உறுதியான பிறகுதான் ஸ்பானர்.

விசிறிச் சத்தம் நின்றதும் சின்ன துரை ஓடி வந்தான். "எவன் நிறுத்தினது? சாவி எங்க? உன் மகதானே, வாங்குலா!"

"வீட்டுல டிவி ரிமோட்டையே வாங்க முடியல துரை."

மேரி அக்கா கொழுந்தின்மேலேயே சாய்ந்து சிரித்தாள்.

"நாளையிலேருந்து நீ புல்லு வெட்டப் போற!"

"சரி துரை. தள்ளி நில்லுங்க, புரட்டணும்."

அப்புறம் விசிறிகள் மறுபடி ஊதின, தேவி வெளியே வந்தாள். மூஞ்சியில் ஒரு கரித் தீற்று. துடைத்தால் போய்விடும்.